‘கிவ் அப்’ என்னும் இரு சொற்கள்



மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களிடம் பிறர் ஒரு கேள்வியை அடிக்கடி கேட்பதுண்டு. “நீங்கள் கண்ட சொற்களுள் மிகக் கடினமானது எது?” என்பர். சட்ட நூலிலோ அறிவியல் நூலிலோ வழங்கும் நீண்ட சொல் ஒன்றை நான் கூறுவேன் என்று எதிர்பார்ப்பர். நான் அங்ஙனம் கூறுவதில்லை. நீண்ட சொற்களுக்குக் கலைச்சொல் அகராதியில் இடம் உண்டு. ஒருமுறை பொருளை வரையறுத்துவிட்டால் அவை அடங்கிக் கிடக்கும். தொல்லை தருபவை சிறு சொற்களே. நாள்தோறும் எல்லார் வாயிலும் புழங்கி, இடத்திற்கேற்பப் பொருள் மாறும் சொற்கள் அவை. அத்தகைய ஒன்றை இன்று எடுத்துக்கொள்வோம். ‘கிவ் அப்’ என்பது அது.

தமிழகத்திற்கு வெளியே வாழும் நமக்கு இச்சொற்றொடர் புதியதன்று. தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ அலுவலகம் செல்வோர் ஒரு நாளில் நான்கைந்து முறையேனும் இதனைக் கேட்பர். அலுவலகத்தில் ஆங்கிலம், தெருவில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ, வீட்டில் தமிழ் என்று மூன்று மொழிகளுக்கிடையே வாழ்கிறோம். அலுவலகத்தில் கேட்ட சொல்லை வீட்டிற்குள் கொண்டுவரும்போது அதற்கு நிகரான தமிழ்ச் சொல் எது என்ற கேள்வி எழுகின்றது. அந்தக் கேள்விக்குத் தவறான விடை தந்து, அதனால் நாணமுற்றவன் நான். அந்த வரலாற்றை முதலில் கூறிவிடுகின்றேன்.

என் ஊர் கொல்லங்கோடு. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி செல்லும் இருப்புப்பாதையில் உள்ள சிற்றூர். தெற்கே நெல்லியாம்பதி மலை சுவர்போல் எழுந்து நிற்கும். மழைக்காலத்தில் அம்மலையில் அருவிகள் வெண்கோடுகளாகத் தோன்றும். ஊரைச் சுற்றி நெல்வயல்கள், வரப்புகளில் பனைமரங்கள். கடைவீதியில் தமிழும் மலையாளமும் ஒன்றன்மேல் ஒன்று தடவிக்கொண்டு செல்லும். அவ்வூரில் எங்கள் தந்தையார் விட்டுச் சென்ற பழைய ஓட்டு வீடு ஒன்று உண்டு. அதில் என் தங்கை வாழ்கின்றாள். தந்தையாரையும் தாயாரையும் இறுதிவரை பேணியவள் அவளே. நான் வேலையின் பொருட்டு இருபத்திரண்டாம் அகவையில் தில்லிக்கு வந்தவன்.

சில ஆண்டுகளுக்கு முன் வழக்கறிஞர் ஒருவர் எனக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் விடுத்தார். வீட்டைத் தங்கையின் பெயருக்கு மாற்றுவதற்கு என் இசைவு வேண்டும் என்பது செய்தி. உங்கள் பங்கைக் ‘கிவ் அப்’ செய்ய உடன்படுகின்றீர்களா என்று கேட்டிருந்தார். எனக்குத் தயக்கம் ஏதும் இல்லை. வழக்கறிஞருக்கு ஆங்கிலத்தில் ஒரு வரியும், தங்கைக்குத் தமிழில் ஒரு வரியும் எழுதினேன். “வீட்டில் என் பங்கைக் கைவிடுகின்றேன்” என்பது தங்கைக்கு எழுதிய வரி.

மூன்றாம் நாள் தொலைபேசி மணி ஒலித்தது. “கைவிடுவதற்கு அது என்ன அநாதையா அண்ணா?” என்றாள்.

இருபது ஆண்டுகளாக மொழிபெயர்த்து உண்பவன் நான். ஆனால் அக்கேள்விக்கு அப்போது என்னிடம் விடையில்லை. அதன் பின்னரே இவ்விரு சொற்களையும் நான் உண்மையாக ஆராயத் தொடங்கினேன்.

முதலில் இத்தொடரின் அமைப்பை நோக்குவோம். ‘கிவ்’ என்றால் கொடு. ‘அப்’ என்றால் மேலே. இரண்டும் சேர்ந்தால் ‘மேலே கொடு’ என்று பொருள்படுவதில்லை. விடுதல் என்னும் பொருளே பிறக்கின்றது. வினையோடு ஒரு சிறு இடைச்சொல் சேர்ந்து புதுப்பொருள் தரும் இத்தகைய கூட்டுவினைகள் ஆங்கிலத்தில் மிகப் பல. ‘அப்’ என்னும் இடைச்சொல் பல இடங்களில் ‘முற்றிலும்’ என்ற பொருளைத் தருகின்றது. ‘ஈட் அப்’ என்றால் மிச்சமின்றித் தின்னுதல். ‘யூஸ் அப்’ என்றால் செலவிட்டுத் தீர்த்தல். ‘டிரை அப்’ என்றால் அறவே வற்றுதல்.

தமிழில் இந்த வேலையை இடைச்சொல் செய்வதில்லை, துணைவினை செய்கின்றது. தின்றுவிட்டான், தீர்த்துவிட்டான், வற்றிவிட்டது என்கின்றோம். இவற்றில் வரும் ‘விடு’ என்பது தன் சொந்தப் பொருளை இழந்து, செயல் முடிந்தது என்பதை மட்டும் உணர்த்துகின்றது. ஆதலின் ‘அவன் புகைபிடிப்பதை விட்டுவிட்டான்’ என்னும் தொடரில் இரண்டு ‘விடு’ இருப்பினும், முன்னது நீக்குதல் என்ற பொருளையும் பின்னது முழுமை என்ற பொருளையும் தருகின்றன. ஆங்கிலத்தான் ‘அப்’ சேர்த்து முடிப்பதை நாம் ‘விடு’ சேர்த்து முடிக்கின்றோம்.

ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு விதிகளை நினைவிற்கொள்ளல் வேண்டும். விடப்படும் பொருள் பெயர்ச்சொல்லாக இருப்பின் அது இறுதியிலும் வரலாம், நடுவிலும் வரலாம். ‘அது’ என்னும் சுட்டாக இருப்பின் நடுவில்தான் வருதல் வேண்டும். ‘கிவ் இட் அப்’ என்பதே சரி. ‘கிவ் அப் இட்’ என்பது பிழை. அடுத்து, ஒரு செயலை விட்டதாகக் கூறும்போது ‘கிவ் அப் ஸ்மோக்கிங்’ என்றே கூறல் வேண்டும். ‘கிவ் அப் டு ஸ்மோக்’ என்பது நம்மவர் பலரும் செய்யும் பிழை.

இனி, பொருளுக்கு வருவோம். ஆங்கிலத்தில் இத்தொடர் ஏறக்குறைய எல்லா வகையான விடுதலையும் குறிக்கின்றது. விட்டது யாரிடம் போயிற்று, விட்டவன் மனம் இசைந்து விட்டானா, விடப்பட்டது நல்லதா தீயதா என்பவற்றை அது கூறுவதில்லை. சூழலைக்கொண்டு நாமே உணர்ந்துகொள்ளல் வேண்டும். தமிழோ இம்மூன்று செய்திகளையும் பெரும்பாலும் சொல்லிலேயே வைத்துவிடுகின்றது. இதுதான் மொழிபெயர்ப்பாளனுக்கு ஏற்படும் இடர்ப்பாடு. ஆங்கிலம் கூறாமல் விட்டதைத் தமிழில் எழுதுபவன் முடிவு செய்தாக வேண்டும்.

பழக்கத்திலிருந்து தொடங்குவோம். வெற்றிலை, புகையிலை, காப்பி முதலிய பழக்கங்களை நீக்குவதற்கு ‘விடு’, ‘விட்டுவிடு’, ‘நிறுத்து’ என்பன ஏற்ற சொற்கள். ஆங்கிலத்தில் ‘ஸ்டாப்’, ‘குவிட்’ என்பவை இங்கு நிகராவன. விடப்பட்டது யாரிடமும் போய்ச் சேர்வதில்லை. அதைப் பற்றி யாரும் வருந்துவதுமில்லை. ‘குவிட்’ என்பதைப் பற்றி ஒன்று கூறவேண்டும். 1942 ஆகஸ்டில் எழுந்த ‘குவிட் இந்தியா’ என்னும் முழக்கத்தில் அச்சொல் இடத்தைவிட்டு நீங்குதல் என்ற பொருளில் வந்தது. அதனை ‘இந்தியாவை விடு’ என்று எவரேனும் பெயர்த்திருந்தால் முழக்கம் முழங்கியிராது. ‘வெள்ளையனே வெளியேறு’ என்று பெயர்த்தவர், மூலத்தில் இல்லாத விளியைச் சேர்த்தார். நாட்டின் பெயரையே நீக்கினார். இருப்பினும் முழக்கத்தின் பொருளில் எள்ளளவும் குறையவில்லை.

அடுத்து வருவது முயற்சி. தொடங்கிய செயலை நடுவில் நிறுத்துவதற்குக் ‘கைவிடு’ என்பது பொருத்தமான சொல். ஆங்கிலத்தில் ‘அபான்டன்’, ‘டிராப்’ என்பர். கையில் பற்றியிருந்ததை நழுவவிடுதல் என்னும் உருவகம் இச்சொல்லில் உறைகின்றது. மனிதரைக் குறித்து வரும்போது இச்சொல் கொடியது. கைவிடப்பட்ட குழந்தை, கைவிடப்பட்ட மனைவி என்னும்போது நம் நெஞ்சு நோகின்றது. ஆயினும் திட்டங்களைப் பற்றி வரும்போது கைவிடுதல் நன்மையாகவும் அமையக்கூடும். அதற்குப் பாலக்காட்டு மாவட்டத்திலேயே புகழ்பெற்ற சான்று உண்டு. குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அணைகட்டி, அமைதிப் பள்ளத்தாக்கு எனப்படும் சைலன்ட் வேலிக் காட்டில் நீர்மின் நிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. அக்காட்டின் அருமையை உணர்ந்த அறிவியலாளரும் ஆசிரியரும் கவிஞரும் எதிர்த்தனர். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஊர்தோறும் சென்று மக்களுக்கு எடுத்துரைத்தது. 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984-இல் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அரசு ஒரு திட்டத்தைக் கைவிட்டதனால் ஒரு காடு கைவிடப்படாமல் பிழைத்தது.

பதவிக்கும் அரசுரிமைக்கும் வேறு சொல் உண்டு. ‘துற’ என்பது அது. 1936 டிசம்பரில் இங்கிலாந்து மன்னர் எட்டாம் எட்வர்டு மணிமுடி துறந்து, அச்செய்தியை வானொலி வாயிலாகத் தம் மக்களுக்குத் தாமே கூறினார். 1963 அக்டோபர் 2-ஆம் நாள் காமராசர், கட்சிப் பணிக்காகச் சென்னை மாநில முதலமைச்சர் பதவியைத் துறந்தார். ஆங்கிலத்தில் முன்னதை ‘அப்டிகேட்’ என்றும் பின்னதை ‘ரிசைன்’ என்றும் பிரித்துக் கூறுவர். இரண்டையும் ‘கிவ் அப்’ என்றும் கூறலாம். தமிழில் ‘பதவி விலகினார்’ என்றால் செய்தி மட்டும் உண்டு. ‘பதவியைத் துறந்தார்’ என்றால் அதில் பாராட்டும் உண்டு. துறத்தல் என்பது, வைத்துக்கொள்ள இயலும் ஒன்றைப் பற்றின்றி விடுதல். திருக்குறளின் முப்பத்தைந்தாம் அதிகாரத்திற்குத் ‘துறவு’ என்று பெயர் அமைந்ததும் இப்பொருளிலேயே. ஆதலின், குற்றம் சாட்டப்பட்டு வேறு வழியின்றி விலகியவரைப் பதவி துறந்தவர் என்று எழுதுதல் சொல்லுக்குச் செய்யும் தீங்கு.

மனம் இசைந்தோ இசையாமலோ ஓர் அதிகாரத்தின் முன் விடுவது நான்காம் வகை. ஆங்கிலத்தில் ‘சரண்டர்’ என்பர். ஆளைக் குறித்தால் ‘சரணடைதல்’. பொருளைக் குறித்தால் ‘ஒப்படைத்தல்’. தேடப்பட்டவன் காவல் நிலையத்தில் சரணடைகின்றான்; கையிலிருந்த கருவியை ஒப்படைக்கின்றான். கேரளத்தில் நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் 1970 சனவரி 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபோது, உச்சவரம்பிற்கு மேற்பட்ட நிலத்தை உடையவர் அதனை அரசிடம் ஒப்படைக்க வேண்டியவராயினர். அதனை அவர்கள் ‘விட்டுக்கொடுத்தார்கள்’ என்று எழுதினால் நிலவுடைமையாளருக்கு இல்லாத புகழைச் சேர்ப்பதாகும். ‘இழந்தார்கள்’ என்று எழுதினால் சட்டத்தின் நோக்கத்தைக் குறை கூறுவதாகும். ‘ஒப்படைத்தார்கள்’ என்பதே நடுநிலையான சொல்.

ஐந்தாவது, பிறருக்காக விடுதல். இதற்குத் தமிழில் உள்ள ‘விட்டுக்கொடு’ என்னும் சொல் மிக அழகியது. விடுதலும் கொடுத்தலும் ஒன்றாய் இணைந்த சொல் இது. விட்டது வீணாகவில்லை, மற்றொருவர் கைக்குச் சென்றது என்பதை இச்சொல்லே கூறிவிடுகின்றது. உடன்பிறந்தார் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து வாழ்தல் வேண்டும் என்று நம் தாய்மார் கூறுவதை ஆங்கிலத்தில் பெயர்த்துப் பாருங்கள். ‘கிவ் அப்’ என்பது போதாது. ‘யீல்டு’ என்பது போர்க்கள மணம் வீசும். பேருந்தில் முதியவருக்கு இருக்கையைக் கொடுப்பதையும் ஆங்கிலத்தார் ‘கிவ் அப்’ என்பர். நாம் ‘எழுந்து இடம் கொடுத்தான்’ என்று எளிதாகக் கூறிவிடுகின்றோம்.

இச்சொல்லின் பயனை நாடே அறிந்த நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகின்றேன். 2015 மார்ச்சில், வசதி படைத்தோர் சமையல் எரிவாயு மானியத்தைத் தாமே முன்வந்து விடவேண்டும் என்று மத்திய அரசு வேண்டியது. அவ்வியக்கத்திற்குக் ‘கிவ் இட் அப்’ என்றே பெயர். 2016 ஏப்ரலுக்குள் ஏறத்தாழ ஒரு கோடிக் குடும்பத்தினர் அவ்வாறு செய்தனர். ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பு வழங்கும் உஜ்வலா திட்டம் 2016 மே 1-ஆம் நாள் தொடங்கப்பட்டது. இவ்வேண்டுகோளைத் தமிழில் எழுதுவதாக எண்ணிக்கொள்வோம். ‘மானியத்தைக் கைவிடுங்கள்’ என்றால், அதனால் யாருக்கு நன்மை என்று கேட்பர். ‘துறந்துவிடுங்கள்’ என்றால், நாங்கள் என்ன முனிவர்களா என்பர். ‘ஒப்படையுங்கள்’ என்றால், ஏதோ தண்டனை என்று அஞ்சுவர். ‘விட்டுக்கொடுங்கள்’ என்றால் மட்டுமே, அடுப்பூதிக் கண் கலங்கும் மற்றொரு பெண்ணின் முகம் மனத்தில் தோன்றும். ஆங்கிலத்தில் நீண்ட விளக்கம் வேண்டிய இடத்தில், தமிழில் ‘கொடு’ என்னும் ஓர் உறுப்பே அவ்வேலையைச் செய்துவிடுகின்றது.

இச்சொல்லின் எதிர்மறையிலும் ஓர் அழகு உண்டு. ‘பெண் தன் பிறந்த வீட்டை விட்டுக்கொடுக்காமல் பேசினாள்’ என்போம். பிறர்முன் தம்மவரைத் தாழவிடாமல் பேசுதல் என்பது பொருள். ஆங்கிலத்தில் இதற்கு நேரான தொடர் எனக்கு அகப்பட்டதில்லை.

ஆறாவது வகை நம்பிக்கை சார்ந்தது. மருத்துவர் நோயாளியைக் ‘கிவ் அப்’ செய்தார் என்று ஆங்கிலக் கதைகளில் வரும். அதனை ‘மருத்துவர் நோயாளியைக் கைவிட்டார்’ என்று பெயர்த்தால், அவர் கடமை தவறியவர் ஆகிவிடுவார். ‘மருத்துவர் கைவிரித்துவிட்டார்’ என்பதே தமிழ். விடுவதற்கும் விரிப்பதற்கும் உள்ள வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். கைவிட்டவன் செய்யக்கூடியதைச் செய்யாதவன். கைவிரித்தவன் செய்வதற்கு ஒன்றும் இல்லாதவன். உறவை வெறுத்து நீங்குவதற்குக் ‘கைகழுவினான்’ என்றும், இனி ஒட்டுறவே இல்லை என்பதற்குத் ‘தலைமுழுகினான்’ என்றும் கூறுகின்றோம். கவனக் குறைவால் போனது ‘கைநழுவியது’. கைகளை வைத்தே இத்தனை வேறுபாடுகளை நம் முன்னோர் அமைத்துள்ளனர்.

‘டோன்ட் கிவ் அப்’ என்று பிள்ளைகளுக்குக் கூறும் ஊக்கமொழியைப் பற்றியும் ஒரு சொல். பாடநூல்கள் ‘முயற்சியைக் கைவிடாதே’ என்று எழுதும். பிழையில்லை. ஆனால் எங்கள் ஊரில் எந்தத் தாயும் அங்ஙனம் கூறியதை நான் கேட்டதில்லை. ‘மனசை விட்டுவிடாதே’ என்பர். முயற்சி போவதற்கு முன்பே மனம் போய்விடும் என்பதை அறிந்தவர் கூற்று அது. ‘சோர்ந்துபோகாதே’, ‘தளர்ந்துவிடாதே’ என்பனவும் நல்ல தமிழ்.

ஒலியில் நெருங்கிய சில தொடர்களையும் இங்கே பிரித்தறிதல் நலம். ‘கிவ் இன்’ என்றால் பிறர் வற்புறுத்தலுக்கு இணங்குதல் அல்லது பணிதல். ‘கிவ் அவே’ என்றால் விலையின்றிக் கொடுத்தல். மறைவானதை வெளிப்படுத்திக் காட்டிக்கொடுத்தல் என்றும் பொருள்படும். ‘கிவ் அவுட்’ என்றால் பலருக்குப் பகிர்ந்தளித்தல். தீர்ந்துபோதல் என்றும் பொருளுண்டு. காட்டிக்கொடு, விட்டுக்கொடு, பகிர்ந்துகொடு என்று நாமும் ‘கொடு’ என்னும் ஒரே வினையைக்கொண்டு இவ்வாறே பல சொற்களை ஆக்கியிருக்கின்றோம் என்பது நோக்கத்தக்கது.

விடுகதை விளையாட்டிலும் இத்தொடருக்கு இடம் உண்டு. விடை தெரியாத ஆங்கிலச் சிறுவன் ‘ஐ கிவ் அப்’ என்பான். கொல்லங்கோட்டுத் தெருவில் நாங்கள் விளையாடியபோது தமிழ்ப் பிள்ளைகள் ‘தோற்றேன்’ என்போம். மலையாளப் பிள்ளைகள் ‘கடம்’ என்பர். கடம் என்றால் கடன். விடுகதைக்கு மலையாளத்தில் ‘கடங்கதை’ என்று பெயர். நாம் ‘விடு’ என்னும் சொல்லைக்கொண்டு அழைக்கும் ஒன்றை அவர்கள் கடன் என்னும் சொல்லைக்கொண்டு அழைக்கின்றனர். ஒருவருக்கு விடை தெரியாமை தோல்வி. மற்றவருக்கு அது திருப்பித் தரவேண்டிய கடன்.

இனி, எங்கள் ஊரின் மலையாளத்தைச் சிறிது நோக்குவோம். சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்த கொல்லங்கோடு, 1956 நவம்பர் 1 முதல் கேரளத்தில் உள்ளது. ஆயினும் சொற்கள் அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இருபுறமும் சென்றுவருகின்றன. ‘கைவிடு’, ‘விட்டுக்கொடு’ என்னும் இரண்டும் மலையாளத்தில் சிறு ஒலி மாற்றத்தோடு நம் பொருளிலேயே வழங்குகின்றன. ஆனால் மலையாளத்தில் ‘உபேக்ஷிக்குக’ என்றால் விட்டுவிடுதல். தமிழில் ‘உபேட்சை’ என்றால் பொருட்படுத்தாமை. ஒரு மலையாள நண்பர், தாம் வேலையை உபேக்ஷித்துவிட்டதாகத் தமிழரிடம் கூறினால், அவர் வேலையில் அசட்டையாக இருந்தார் என்று தமிழர் எண்ணிக்கொள்ளக்கூடும். ஒரே சொல் இரு வீடுகளில் வளர்ந்து இரு குணம் பெற்றுவிட்டது.

சொத்துப் பத்திரங்களிலும் இவ்வேறுபாடு உண்டு. உடன்பங்காளி ஒருவர் தம் பங்குரிமையை மற்றவருக்கு விடும் பத்திரத்தைத் தமிழகத்தில் ‘விடுதலைப் பத்திரம்’ என்பர். கேரளத்தில் அதுவே ‘ஒழிமுறி’. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தில் உரிமையை இவ்வாறு விடுவதாயின், 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி அதனைப் பதிவு செய்தல் வேண்டும். வெறும் கடிதம் போதாது. வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் பலர், ஊரிலுள்ள உடன்பிறந்தாருக்குக் கடிதம் எழுதிவிட்டு வேலை முடிந்ததென்று எண்ணுகின்றனர். பின்னர்ப் பிள்ளைகள் காலத்தில் வழக்கு எழுகின்றது. பத்திரத்தில் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ உள்ள சொல்லின் பொருளை நன்கு உணர்ந்த பின்னரே கையொப்பமிடுதல் வேண்டும். ‘ரிலின்க்விஷ்’, ‘ரிலீஸ்’ என்றிருந்தால் உரிமை நம்மைவிட்டு முற்றும் நீங்குகின்றது. ‘வெய்வ்’ என்றிருந்தால், நமக்குள்ள ஒரு கோரிக்கையை வலியுறுத்தாமல் விடுகின்றோம் என்பது பொதுப் பொருள். பேச்சு வழக்கில் இவையனைத்தும் ‘கிவ் அப்’ என்றே கூறப்படும்.

உரிமை என்றவுடன் மற்றொன்றும் நினைவிற்கு வருகின்றது. அறிந்து விடுவது ஒன்று. அறியாமல் கைநழுவ விடுவது மற்றொன்று. நம் அரசியலமைப்பின் 350-ஆம் உறுப்பு, குறைதீர்க்க வேண்டும் விண்ணப்பத்தை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகின்றது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்தல் வேண்டும் என்று 1956-இல் சேர்க்கப்பட்ட 350-அ உறுப்பு கூறுகின்றது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், அம்மாநிலத்துத் தமிழரும் கன்னடரும் மாநில அரசின் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைவர்களோடும் தம் மொழியிலேயே எழுத்துத் தொடர்பு கொள்ளலாம் என்கின்றது. சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். விடையும் அம்மொழியிலேயே தருதல் வேண்டும். இவ்வுரிமை உண்டென்பதையே அறியாதவர் அதனை விட்டுக்கொடுத்தவர் ஆகார், துறந்தவரும் ஆகார். அவர்களிடமிருந்து அது நழுவிப்போகின்றது, அவ்வளவே. வீட்டில் பிள்ளைகளோடு தமிழ் பேசுவதை நாம் நிறுத்திக்கொள்வதும் பெரும்பாலும் இவ்வாறுதான் நிகழ்கின்றது. இன்னநாள் முதல் தமிழை விடுவது என்று எந்தக் குடும்பமும் தீர்மானம் செய்வதில்லை.

ஆதலின் ‘கிவ் அப்’ என்பதற்குத் தமிழ் என்ன என்று யாரேனும் கேட்டால், மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேளுங்கள். விடப்படுவது என்ன? விட்டது யாரிடம் சேர்கின்றது? விடுபவர் மனமுவந்து விடுகின்றாரா? தீய பழக்கமாயின் ‘விட்டுவிடு’. முயற்சியோ திட்டமோ ஆயின் ‘கைவிடு’. பிறர் பெறுவாராயின் ‘விட்டுக்கொடு’. அதிகாரம் பெறுமாயின் ‘ஒப்படை’. பற்றின்றி விடுவதாயின் ‘துற’. செய்வதற்கு ஒன்றும் இல்லையாயின் ‘கைவிரி’. விடை கிடைத்த பின் சொல் தானே வந்து நிற்கும்.

இம்மூன்று கேள்விகளையும் என் தங்கையின் வீட்டைக் குறித்து நானே கேட்டுப் பார்த்தேன். கைவிடுதல் அன்று என்பது உறுதி. விட்டது அவளிடம் சேர்கின்றது; நானும் மனமுவந்தே விடுகின்றேன். ஆகவே ‘விட்டுக்கொடுக்கின்றேன்’ என்பதே தகுந்த சொல் என்று துணிந்து, தொலைபேசியில் அவளிடம் கூறினேன்.

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “விட்டுக்கொடுத்தேன் என்று நீ எழுதினால், நான் கேட்டு வாங்கியதாக ஆகாதா அண்ணா?” என்றாள்.

அவள் கூறியது சரியே. விட்டுக்கொடுத்தல் என்பதில் கொடுப்பவன் உயர்ந்து நிற்கின்றான். இருபது ஆண்டுக்காலம் ஓடு மாற்றியவள் அவள். மழை ஒழுகிய இடத்தில் பாத்திரம் வைத்தவள் அவள். தாயாரின் கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருந்தவள் அவள். அவளுக்கு நான் கொடுப்பவனாக எப்படி நிற்பேன்? என் மூன்று கேள்விகளுக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அப்பொருள் விடுபவனுடையது தானா என்பது அது.

பதிவு அலுவலகத்தில் மலையாளத்தில் எழுதப்பட்ட ஒழிமுறியில் கையொப்பமிட்டேன். அது சட்டத்திற்கு. தங்கைக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் ‘விடு’ என்னும் வினையையே நான் எடுக்கவில்லை. “இந்த வீடு இத்தனை நாளும் உன்னால்தான் நின்றது. அது உன்னுடையது. பத்திரம் இப்போதுதான் அதை ஒப்புக்கொள்கின்றது” என்று எழுதினேன். ஆங்கிலக் கடிதத்தில் இருந்த இரு சொற்களில் ஒன்றுகூட அதில் இல்லை. இருப்பினும் என் வாழ்நாளில் நான் செய்த மொழிபெயர்ப்புகளுள் பிழையற்றது அதுவே என்று கருதுகின்றேன்.

அவள் அதற்கு விடை எழுதவில்லை. விடுமுறைக்கு ஊர் சென்றபோது வடக்கு அறைக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தது. என் பழைய மேசையும் அங்கே இருந்தது.